எங்கள் திட்டத்துக்கு ஒரு பதில் வேண்டும்: முதன்மைக் கல்வி அலுவலருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து 31 ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். சிலேட்டு பிடித்து நான் எழுத்துப் பழகிய ஊர்ப் பள்ளிக்கே இப்போது திரும்பி வந்திருக்கிறேன், அதன் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் பிரதிநிதியாக. 2024-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தீர்கள். அதற்கு முதலில் நன்றி.

எங்கள் பள்ளியில் 47 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். நான் சொல்லப்போவதைத் தலைமை ஆசிரியரே எழுதியிருக்கலாம். ஆனால் அவருக்கு மேலே ஆறேழு அலுவலகங்கள் இருக்கின்றன. எனக்கு மாறுதல் இல்லை, விளக்கம் கேட்டு யாரும் குறிப்பாணை அனுப்ப முடியாது. பேசக்கூடியவள் பேசாமல் இருந்தால் தப்பு என்று தோன்றியது. கூட்டத்தில் மூன்று முறை தீர்மானம் போட்டு, குழுக்களுக்கான கைபேசிச் செயலியில் ஏற்றிவிட்டோம். பதில் வரவில்லை. அதனால்தான், பிள்ளைகளின் வாசிப்பு, ஆசிரியர் பயிற்சி, பள்ளிக்கு வரும் பணம் மூன்றையும் வைத்து எங்கள் குழு எழுதிய திட்டத்துக்குப் பதில் கேட்டு இந்தத் திறந்த மடல்.

மே மாதத்தில் தேர்வு முடிவு வந்ததும் மாவட்டமே அதைப் பற்றித்தான் பேசும். 2025-ல் மாநில அளவில் பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதம் பேரும், பன்னிரண்டாம் வகுப்பில் 95.03 சதவீதம் பேரும் தேர்ச்சி பெற்றார்கள். சிவகங்கை 98.31 சதவீதத்துடன் பத்தாம் வகுப்பில் முதலிடம். பன்னிரண்டாம் வகுப்பில் அரியலூர் 98.82. இந்த எண்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண் அவை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கிய 2020-க்குப் பிறகு, எங்கள் ஒன்றியத்திலேயே பெற்றோர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் “எட்டாவது முடிச்சா போதுமா டீச்சர்?” என்று கேட்ட தாய்மார்கள், இப்போது “எந்தக் குரூப் எடுக்கலாம்?” என்று கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய சாதனையை நான் பணியில் இருந்தபோது பார்த்ததில்லை.

ஆனால் தேர்ச்சி விழுக்காட்டுக்கான ஆய்வுக் கூட்டம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் தொடங்குகிறது. மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல், மாலை நேரச் சிறப்பு வகுப்பு, ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பு, அலகுத் தேர்வு. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் மாதிரி ஒரு பள்ளியில் நடந்து முடிந்துவிட்ட ஒன்றுக்குப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். பெயர் வேண்டாம். ஆகஸ்டில் ஒரு மதியம் பள்ளிக்குப் போயிருந்தபோது அவளுடைய தமிழ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. கோடு தாண்டாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், பாடம் முழுவதும் எழுதியிருந்தாள். மகிழ்ச்சியோடு, “இதை எனக்கு வாசிச்சுக் காட்டும்மா” என்றேன். ‘மரம்’ வாசித்தாள், ‘கடல்’ வாசித்தாள். ‘கொடி’ வந்ததும் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ‘காடி’ என்றாள். ‘கோவில்’ என்பது ‘காவில்’ ஆனது. ‘தொட்டில்’ வந்தபோது என் முகத்தைப் பார்த்தாள், என் உதட்டிலிருந்து விடை வருமா என்று.

பார்த்தெழுதுவதில் அவள் கெட்டிக்காரி. பார்த்தெழுதும் நோட்டு சுத்தமாக இருந்ததால் நாலு ஆண்டுகளாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மேற்பார்வைக்கு வருபவர்களும் நோட்டைத்தான் புரட்டுகிறார்கள், பிள்ளையை வாசிக்கச் சொல்வதில்லை.

அவளுக்கு எங்கே தடுக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒகரம், ஓகாரம். அந்த எழுத்துகளுக்குக் குறி இரண்டு பக்கமும் வரும். இடது பக்கம் கொம்பு, நடுவில் எழுத்து, வலது பக்கம் கால். கண் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் ‘கொ’. வலது பக்கக் காலை மட்டும் பிடித்தால் ‘கா’, இடது பக்கக் கொம்பை மட்டும் பிடித்தால் ‘கெ’. பேசும்போது இந்தக் குழந்தைக்குக் கொடியும் தெரியும், தொட்டிலும் தெரியும். தம்பியைத் தொட்டிலில் ஆட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். தாளில் அந்த வார்த்தையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இந்த இடத்தில் மட்டும்? வருகைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். முதல் வகுப்பிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்குப் பிறகு அவள் பெயருக்கு நேரே ‘வ’ இல்லை. தை பிறந்ததும் அவள் குடும்பம் செங்கல் சூளைக்குப் போகிறது. திரும்பி வர ஆனி ஆகிவிடுகிறது. அதாவது அவளுக்கு மூன்றாம் பருவம் என்ற ஒன்றே இருந்ததில்லை. அ, ஆ, இ, ஈ என்று உயிர்மெய் வரிசையில் போனால் ஒகரமும் ஓகாரமும் கடைசியில்தானே வரும்? மற்ற பிள்ளைகள் அதைப் படித்த மாதங்களில் அவள் சூளையில் பச்சைக்கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளியில் இப்படி ஆறு பிள்ளைகள். ஆறு பேரையும் தனித்தனியாக வாசிக்க வைத்தோம். நான்கு பேர் அதே எழுத்தில் நின்றார்கள்.

31 ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இதை அதற்கு முன் கவனித்ததில்லை. சூளைக்குப் போகும் பிள்ளைகளை ‘பின்தங்கியவர்’ என்று ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, முதலிலிருந்து அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லி, தெரியாத இடத்துக்குப் போகும் முன் அடுத்த பொங்கல் வந்துவிடும். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வருத்தம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

அம்மா, இனி பயிற்சியைப் பற்றி.

2022 ஜூனில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். மனதார வரவேற்றேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. முதல் வகுப்பையே பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 2022-ல் நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் நூற்றுக்கு 4.8 பேர்தான் என்று வந்தது. 2018-லேயே அது 10.2 தான். அதன் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. அதில் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது நல்ல யோசனை. அந்த ஏசர் ஆய்வின்போது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 2025-26-ல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் அதே ஆண்டு, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைக் கற்றுத்தரும் ‘திறன்’ இயக்கம் தொடங்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

யோசனை நன்றாக இருந்தும் பயிற்சி அதைத் தாங்கவில்லை. சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்கு, அதாவது பயிற்சி கொடுப்பவர்களுக்குச் சொன்னது மாவட்டத்துக்கு வந்து, டயட் எனும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஒரு சுற்று, பிறகு வட்டார வள மையத்தில் ஒரு சுற்று என்று இறங்கி எங்களிடம் வரும்போது, திரையில் ஓடும் பக்கங்களும் ஒரு கையேடும்தான் மிச்சம். காலையில் பாட்டு, கைதட்டல், குழுச் செயல்பாடு. மதியத்துக்கு மேல் செயலியில் மதிப்பீட்டை எப்படி ஏற்றுவது என்ற விளக்கம். ‘ஏற்ற மறந்தால் என்ன ஆகும்’ என்பதற்குத்தான் அதிக நேரம் போனது. என் வகுப்பில் எத்தனை பேர் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பார்க்கத் தோன்றியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், மொட்டு நிலையில் இருந்த மூன்று பிள்ளைகளை மலர் என்று குறித்தேன். முந்தைய பருவத்தைவிட முன்னேற்றம் தெரியாவிட்டால் ஏன் என்று எழுதித் தர வேண்டியிருந்தது. பொய் சொன்னது தப்பு. அந்த மூன்று பேருக்கும் மேற்கொண்டு கிடைத்திருக்க வேண்டிய கவனத்தை நானே தடுத்துவிட்டேன். நீங்கள் எத்தனை அளவீடு கொண்டுவந்தாலும், ஆசிரியரைத் திட்ட அது பயன்படும் என்றால் உண்மை உங்கள் மேசைக்கு வராது.

பயிற்சி எப்படி இருக்கலாம் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு ஆசிரியர் பயிற்றுநர் இருக்கிறார். செப்டம்பரில் இந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னதும் ஒரு நாள் பள்ளிக்கே வந்தார். மேசையில் உட்காரவில்லை, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பழைய காலண்டர் அட்டையை வெட்டிக் கொம்பு, எழுத்து, கால் என்று தனித்தனித் துண்டாக்கினார். “ரெண்டு பக்கமும் வேலி இருக்கா பாரு. இருந்தா உதட்டைக் குவி” என்றார். முதல் நாள் பத்து வார்த்தை. எங்கள் இளைய ஆசிரியை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தினமும் காலை உணவு முடிந்ததும் கால் மணி நேரம் அவளே செய்தாள். மூன்று வாரத்தில் நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் ‘கொடி’யை நிற்காமல் வாசித்தார்கள். அந்தப் பெண் குழந்தை ‘தொட்டில்’ என்று வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

அந்தப் பயிற்றுநர் அதற்குப் பிறகு வரவே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. விவரம் சேகரிக்க, கூட்டம் நடத்த, போட்டி நடத்த, புகைப்படம் எடுத்து அனுப்ப என்று அவரை அலைய விட்டிருக்கிறார்கள். பயிற்றுநர் என்ற பெயர் மட்டும் அவரிடம் இருக்கிறது.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை, எந்த வட்டாரத்திலும் நேரில் பார்க்கலாம். ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, மற்றவர் பார்த்தெழுதச் சொல்கிறார். அந்த அழகான நோட்டு அப்படித்தான் உருவானது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தைச் சனிக்கிழமை வைத்தால் ஈடுசெய் விடுப்பு எடுக்க வேண்டி வருகிறது. அந்த நாளும் பிள்ளைகளின் கணக்கிலிருந்தே கழிகிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் பணி வேறு. தேர்தல் பணிக்கு ஆசிரியரை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, மறுக்கவில்லை. இருவரில் ஒருவர் போகும் பள்ளிக்கு மாற்று ஏற்பாடு செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பணியில் ஐந்து ஆண்டுக்கு மேல் மீதமிருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற கவலையும் சேர்ந்திருக்கிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் இரவில் உளவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாவட்டம் கைகொடுக்க வேண்டும். அதே சமயம், அந்தத் தேர்வுக்கான வகுப்பையே இந்த ஆண்டின் ஆசிரியர் பயிற்சி என்று கணக்குக் காட்டிவிட வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது, அப்படித்தான் போக வேண்டும். ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? காலை உணவுத் திட்டத்தை நான் இரு கை கூப்பி வணங்குவேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, எட்டரை மணிக்கே வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தேன். பணத்தைச் சரியான இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

எங்கள் கையில் வரும் பணம் எவ்வளவு? மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். 30 பேரோ அதற்குக் குறைவோ என்றால் 10,000. எங்கள் ஊரில் ஆறு பிள்ளைகளின் குடும்பங்கள் சூளையிலேயே தங்கிவிட்டால்கூட 41 பேர் இருப்பார்கள், தப்பித்தோம். பக்கத்து ஊரில் 33 பேர். அங்கே நாலு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் மானியம் பாதிக்கும் கீழே போய்விடும். குழாயும் கழிப்பறையும் கூரையும் பிள்ளை எண்ணிக்கை குறைந்ததற்காகத் தாமே சின்னதாகிவிடாது.

அந்த 25,000-ல் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதியில் சுண்ணாம்புக்கட்டி, பதிவேடு, நகல் எடுக்கும் செலவு, குழாய் பழுது, பல்பு, முதலுதவிப் பெட்டி. தொகை குறைவு என்று நான் புலம்பவில்லை. எப்போது வருகிறது என்பதுதான் என் வருத்தம். போன கல்வி ஆண்டில் எங்களுக்குக் கடைசித் தவணை பிப்ரவரியில் வந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்காவிட்டால் கணக்கிலிருந்து பணம் திரும்பிப் போய்விடும். அதனால் கடையில் என்ன இருக்கிறதோ அதை வாங்கினோம். நிறைய சார்ட் வாங்கினோம், ஒரு பெரிய உலக உருண்டை வாங்கினோம். ஜூனில் குழாய் உடைந்தபோது தலைமை ஆசிரியர் சொந்தக் காசு 1,400 ரூபாய் போட்டார். இது எங்கள் ஒரு பள்ளியின் கதை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25-க்கான மத்திய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றுபோனதும் எனக்குத் தெரியும். மத்திய அரசின் ‘பிஎம் ஸ்ரீ’ மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக, அதற்குச் சம்பந்தமே இல்லாத பிள்ளைகளின் பங்கை நிறுத்தி வைத்தது அநியாயம். அந்தச் சண்டையில் நான் மாநிலத்தின் பக்கம். ஆனால் மானியம் பிப்ரவரியில் வருவது அந்தச் சண்டைக்கு முன்னாலும் இருந்த வழக்கம். நான் தலைமை ஆசிரியையாக இருந்த ஆண்டுகளிலும் மார்ச் மாதம் கடைவீதியில்தான் கழிந்தது. இதை நம் மாநிலத்துக்குள்ளேயே சரிசெய்ய முடியும்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 21-ஆம் பிரிவு மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. 22-ஆம் பிரிவு அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் அரசு கொடுக்கும் நிதி அமைய வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம் வேண்டும், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு என்ன செய்யப் போகிறோம், அதற்கு என்ன செலவு என்று ஆண்டு வாரியாக எழுத வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதத்துக்கு முன்பே தயாராக வேண்டும், அதாவது டிசம்பர் முடிவதற்குள். ஒரு பிள்ளை எங்கே நிற்கிறாள், அவளுடைய ஆசிரியருக்கு என்ன தெரிய வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் ஒரே தாளில் வர இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நடைமுறையில் மூன்றும் தனித்தனி ஆள் கையில் இருக்கின்றன. பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வின் முடிவு ஒரு கோப்பில், பயிற்சி நாட்கள் இன்னொரு கோப்பில், மானியம் கணக்காளரிடம். மூன்றும் எங்குமே சந்திப்பதில்லை. 2018-ல் ஒரு அரசாணையில் மாவட்டக் கல்வி நிர்வாகத்தை ஒன்றாக்கினார்கள், 2022-ல் இன்னொன்றில் தொடக்கக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் திரும்பப் பிரித்தார்கள். அலுவலகப் பலகை மாறியது. எங்கள் தாள் போய்ச் சேரும் இடம் தெரியவில்லை.

இது புதிய கனவும் இல்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதலில் அந்தந்தப் பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் போட்டார்கள். பிறகு ஊரார் முன்னால் அதை வைத்தார்கள். மேசை, நாற்காலி, கூரை, நிலம் என்று ஊரே கொடுத்தது. என் அப்பா எங்கள் பள்ளிக்குக் கொடுத்த இரண்டு பெஞ்சுகளில் ஒன்று இன்னமும் அங்கே இருக்கிறது. பட்டியல் முதலில், பணம் பிறகு. நாம் இப்போது செய்வது நேர் எதிர். பணம் ஒரு தலைப்போடு வருகிறது, அந்தத் தலைப்புக்கு ஏற்றபடி தேவையை எழுதிக்கொள்கிறோம்.

எங்கள் குழு இந்த முறை ஒரு திட்டம் எழுதியிருக்கிறது. குழுத் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய். பத்தாவது வரை படித்தவர். அவரே பேனா பிடித்து எழுதினார். நான் கணக்கை மட்டும் சரிபார்த்தேன். முதல் பக்கத்தில் 47 பிள்ளைகளின் வாசிப்பு நிலை இருக்கிறது, எந்த எழுத்தில் யார் நிற்கிறார் என்பது வரை. இரண்டாம் பக்கத்தில் இரண்டு ஆசிரியர்களும் தங்களுக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர், ஒரே அறையில் மூன்று வகுப்பை எப்படி நடத்துவது என்று யாராவது வந்து நடத்திக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், காது சரியாகக் கேட்காத ஒரு பையனோடு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறார். மாநிலக் கையேட்டில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு பத்தி இருந்தால் அதிகம். மூன்றாம் பக்கத்தில் செலவு.

அந்தச் செலவில் பெரிய தொகை சூளைக்குப் போகும் ஆறு பிள்ளைகளுக்கானது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவர்களை ஊரிலேயே தங்க வைத்துப் படிக்க வைக்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், இடம்பெயரும் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி நடத்த வழி இருக்கிறது. இரண்டு பாட்டிமார் தங்கள் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவுச் சாப்பாடும் ஒரு துணைக்கு ஆளும் போதும். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று செயலியில் தேடினோம். கழிப்பறை இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, வண்ணம் பூசுதல் இருக்கிறது. ‘பிள்ளை ஊரிலேயே இருக்க வேண்டும்’ என்பதற்குத் தலைப்பு இல்லை. ‘இதர’ என்பதில் பதிவு செய்தோம்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

எங்கள் திட்டத்துக்கு எழுத்தில் ஒரு பதில் கொடுங்கள். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை, ஏன் இல்லை. ‘இல்லை’ என்று வந்தாலும் பரவாயில்லை, ஊரில் கேட்டுப் பார்ப்போம். எங்களுக்கு மட்டும் கேட்கவில்லை, மாவட்டத்தின் எல்லாக் குழுக்களும் டிசம்பரில் கொடுக்கும் திட்டத்துக்கும் பிப்ரவரிக்குள் பதில் போக வேண்டும். பதில் வரும் என்று தெரிந்தாலே எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுதுவார்கள். இப்போது பல பள்ளிகளில் போன ஆண்டுத் தாளில் தேதி மட்டும் மாறுகிறது.

மானியத்தின் முதல் தவணை காலாண்டுத் தேர்வுக்கு முன் வர உங்களால் ஆனதைச் செய்யுங்கள். மாநிலத்திலிருந்து தாமதமானால் அதை மேலே எழுதுங்கள். உங்கள் எழுத்துக்கு இருக்கும் எடை எங்கள் தீர்மானத்துக்குக் கிடையாது.

ஆசிரியர் பயிற்றுநர்களை அலைச்சல் வேலையிலிருந்து விடுவித்து, வாரத்தில் மூன்று நாளாவது பள்ளியில் பிள்ளை பக்கத்தில் உட்கார விடுங்கள். ஒரு பருவத்துக்கான மையப் பயிற்சியை விட்டுவிட்டு அந்த நாட்களை இதற்குக் கொடுத்துப் பார்த்தால் போதும், கூடுதல் செலவே இல்லை. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை எடுக்கும் நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்தோ இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களில் இருந்தோ ஒருவர் வரட்டும். எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு பட்டதாரிப் பெண் இருக்கிறாள். மாலை வகுப்பு நடத்திப் பழகியவள்.

2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு மாநில அளவில் அடைவுத் தேர்வு நடந்தது. அதில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியவந்தது என்று எங்கள் குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லுங்கள். ஆனால் அதை வைத்து ஆசிரியரிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த மே மாத ஆய்வுக் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு விழுக்காட்டை எடுக்கும் முன், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் முதலில் எதைக் கேட்கிறீர்களோ, அதைத்தான் மாவட்டம் முழுவதும் முதலில் பார்க்கும்.

காலம் குறைவாக இருக்கிறது, அம்மா. சூளை மேஸ்திரி ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டார். நான்கு குடும்பங்கள் முன்பணம் வாங்கிவிட்டன. தை பிறந்து ஒரு வாரத்தில் லாரி வரும். அந்தப் பெண் குழந்தையின் தாயிடம் பேசினேன். “படிக்க வெச்சுப் பார்த்துக்க ஆள் இருந்தா விட்டுட்டுப் போறேன் டீச்சர். இல்லேன்னா என்ன பண்றது, சின்னவனைத் தூக்கிக்க ஆள் வேணுமே” என்றாள். ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போக வேண்டியவள். எங்கள் பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசி மூன்றாம் பருவம்.

எங்கள் குழுவின் டிசம்பர் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. திட்டத்தின் மூன்று பக்கமும் இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. நீங்கள் நேரில் வந்தால் ஊரே மகிழும். வர முடியாவிட்டால், மூன்றாம் பக்கத்தில் ஐந்தாவது வரிக்கு, அந்த ஆறு பிள்ளைகளின் வரிக்கு மட்டுமாவது, பொங்கலுக்கு முன் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் (முன்னாள் மாணவர்),
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி